வெப்பம் அறிந்து வினை செய்வோம்

தயிருக்கு உறை ஊற்றும் நம் அன்னையர், பாலைக் காய்ச்சி இறக்கியவுடன் மோரை ஊற்றிவிடுவதில்லை. பால் ஆறி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வரும்வரை காத்திருப்பர். கொதிக்கும் பாலில் மோரை ஊற்றினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். பாலும் திரிந்து கெடும். முற்றும் குளிர்ந்த பாலில் ஊற்றினாலோ மறுநாள் காலையிலும் பால் பாலாகவே இருக்கும். ஒரே பால், ஒரே மோர். வெப்பம் ஒன்றே வேறு.

அடுக்களையில் காணும் இவ்வுண்மையை அறிவியற் கூடத்திலும் காணலாம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, 'பி.சி.ஆர். பரிசோதனை' என்னும் சொல் பட்டிதொட்டியெங்கும் வழங்கலாயிற்று. அதன் முழுப்பெயர் பாலிமரேஸ் சங்கிலி வினை. இவ்வினை மூன்று வெப்பநிலைகளை மாறி மாறிப் பயன்படுத்தி நடைபெறுவது. அம்மூன்றும் யாவை? அவற்றை எப்படித் தேர்ந்தெடுக்கின்றனர்? தேர்வு தவறினால் விளையும் தீங்கு யாது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வினையின் நோக்கம்

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் எழுதப்பட்டுள்ளது என்பதை உயிரியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அஃது இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கேணி வடிவினது. அதன் எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். இவற்றைச் சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்பர். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரிழையில் டி இருக்கும். ஜி இருந்தால் சி இருக்கும். இந்த இணைமுறை மாறுவதில்லை. ஆதலால் ஓர் இழை கிடைத்தால் மற்றோர் இழையைப் பிழையின்றி எழுதிவிடலாம்.

நோயாளியின் சளியிலோ குருதியிலோ நோய்க்கிருமியின் டி.என்.ஏ. மிகச் சிறிதளவே இருக்கக்கூடும். அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் படியெடுத்துப் பெருக்கிக் காட்டுவதே பாலிமரேஸ் சங்கிலி வினையின் நோக்கம். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். அடுத்த சுற்றில் இரண்டு நான்காகும். பின்னர் எட்டு, பதினாறு என வளரும். ஒவ்வொரு சுற்றும் முழுமையாக நிறைவேறினால், 30 சுற்றுகளின் முடிவில் ஒன்று 107 கோடிக்கும் மேலாகப் பெருகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சீட்டஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் 1983இல் இம்முறையைக் கண்டார். 1993ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவர் மைக்கேல் ஸ்மித்துடன் பகிர்ந்துகொண்டார்.

வேண்டிய பொருள்கள்

ஒரு சிறு குழாயில் ஐந்து பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. முதலாவது, ஆராய வேண்டிய டி.என்.ஏ. இரண்டாவது, நாம் தேடும் பகுதியின் இரு முனைகளையும் சுட்டிக்காட்டும் இரண்டு சிறு இழைகள். இவற்றைப் 'பிரைமர்' என்பர். நாம் 'தொடக்க இழை' என்று அழைப்போம். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 18 முதல் 25 எழுத்துகள் வரை நீளமுடையது. மூன்றாவது, புதிய இழை கட்டுவதற்குரிய நான்கு வகை எழுத்து மூலக்கூறுகள். நான்காவது, கட்டும் வேலையைச் செய்யும் பாலிமரேஸ் என்னும் நொதி. ஐந்தாவது, மக்னீசியம் உப்பு கலந்த தாங்கற் கரைசல்.

இவற்றை அளவாகச் சேர்த்தபின் மனிதக் கைக்கு அதிக வேலை இல்லை. எஞ்சிய பணி வெப்பத்தினுடையது. தொடக்க நாள்களில் ஆய்வாளர்கள் மூன்று வெந்நீர்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குழாய்களைக் கையால் இடம் மாற்றினர். இன்று ஒரு சிறு கருவியே குழாயைச் சூடாக்கியும் குளிரச் செய்தும் சுற்றுகளை முடித்துவிடுகிறது. ஆனால், எத்தனை பாகை, எத்தனை நொடி என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் மனிதரே.

நம் பாடத்திற்குக் காசநோய்ப் பரிசோதனையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1882ஆம் ஆண்டு ராபர்ட் கோக் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். இக்கிருமி மிக மெதுவாக வளர்வது. அதை வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சங்கிலி வினை முறையிலோ சில மணி நேரத்தில் விடை கிடைக்கும்.

முதல் வெப்பநிலை: பிரித்தல்

படியெடுக்க வேண்டுமானால் முதலில் இரண்டு இழைகளையும் பிரித்தல் வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் முக்கியமானவை. ஏ–டி இணைக்கு இரண்டு பிணைப்புகள். ஜி–சி இணைக்கு மூன்று. தையல் வகுப்பில் இரண்டு கொக்கி வைத்த பட்டியையும் மூன்று கொக்கி வைத்த பட்டியையும் இழுத்துப் பாருங்கள். எது எளிதில் விடுபடும் என்பது விளங்கும். ஜி–சி மிகுந்த பகுதியைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் தேவை.

வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வெப்பநிலை 94 அல்லது 95 பாகை செல்சியஸ். தொடக்கத்தில் ஒருமுறை 2 முதல் 5 நிமிடம். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 15 முதல் 30 நொடி. இது குறைந்தால் இழைகள் அரைகுறையாகப் பிரிந்து, குளிரும்போது மீண்டும் தம்முள் ஒட்டிக்கொள்ளும். தொடக்க இழை வந்து அமர இடமிராது, வினை நடவாது.

"அப்படியானால் 100 பாகையில் கொதிக்க வைத்தால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்கலாம். நல்ல கேள்வி. குழாயில் நொதியும் இருக்கிறதன்றோ? இன்று பெரிதும் பயன்படும் 'டாக்' நொதியின் ஆற்றல் 95 பாகையில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 நிமிடமாகும். அதுவே 97.5 பாகையாயின் பத்து நிமிடத்திற்குள் பாதியாகிவிடும். கணக்கிட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் 3 நிமிடம். பிறகு 30 சுற்றுக்குச் சுற்றொன்றுக்கு 30 நொடி வீதம் 15 நிமிடம். ஆக 18 நிமிடம். 95 பாகையில் இவ்வளவு நேரம் இருந்தபின்னும் நொதியின் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக எஞ்சும். 97.5 பாகையிலோ நான்கில் ஒரு பங்கு எஞ்சுவதே அரிது. இரண்டரைப் பாகைதான் வேறுபாடு. விளைவோ எவ்வளவு பெரிது!

காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.யில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 எழுத்துகள் ஜி, சி ஆகியவையே. மனிதரிடத்தில் இது நூற்றுக்கு ஏறத்தாழ 41 தான். ஆகவே இக்கிருமியின் இழைகள் எளிதில் பிரிவதில்லை. இத்தகைய நிலையில் வெப்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல், டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற ஒரு துணைப்பொருளைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. நூற்றுக்கு 5 பங்கு சேர்த்தால் இழைகள் பிரியும் வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை தாழும். அடுத்த படியின் வெப்பநிலையையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

இரண்டாம் வெப்பநிலை: இணைத்தல்

மூன்றனுள் மிகுந்த அறிவுநுட்பம் வேண்டுவது இதுவே. பிரிந்த இழைகளின்மேல் தொடக்க இழைகள் தத்தம் இடம் தேடி அமர்வதற்காகக் குழாய் குளிர்விக்கப்படுகிறது. எவ்வளவு குளிர வேண்டும் என்பது அந்தத் தொடக்க இழையில் எழுதப்பட்டுள்ள எழுத்துகளைப் பொறுத்தது. இதற்கு 'வாலஸ் விதி' என்னும் எளிய கணக்கு உண்டு. ஏ, டி எழுத்து ஒவ்வொன்றுக்கும் 2 பாகையும், ஜி, சி எழுத்து ஒவ்வொன்றுக்கும் 4 பாகையும் கொடுத்துக் கூட்டுக. கிடைப்பது அவ்விழையின் உருகு வெப்பநிலை. அதாவது, அத்தகைய இழைகளுள் ஒரு பாதி இணைந்தும் மறுபாதி பிரிந்தும் இருக்கும் வெப்பநிலை.

பயிற்சிக்காக நாமே ஓர் இழையை எழுதிக்கொள்வோம்:

ஏ ஜி ஏ சி டி – ஜி சி ஏ டி டி – சி ஏ ஜி ஜி டி – ஏ டி சி சி ஜி

இதில் உள்ளவை 20 எழுத்துகள். ஏ ஐந்து, டி ஐந்து, ஆகப் பத்து. ஜி ஐந்து, சி ஐந்து, ஆகப் பத்து. பத்தை இரண்டால் பெருக்க 20. பத்தை நான்கால் பெருக்க 40. கூட்டினால் உருகு வெப்பநிலை 60 பாகை. இதன் துணையான மற்றோர் இழையில் ஏ, டி எட்டும், ஜி, சி பன்னிரண்டும் இருப்பதாகக் கொள்வோம். 16ஐயும் 48ஐயும் கூட்டினால் 64 பாகை. இரண்டனுள் குறைந்தது 60. அதிலிருந்து 5 பாகை கழித்து, 55 பாகையில் முதற்சோதனையைத் தொடங்குவது வழக்கம்.

துணையிழையின் உருகு வெப்பநிலை 64க்குப் பதிலாக 72 ஆக இருந்தால் என்னாகும்? 55 பாகை முதலிழைக்குப் பொருந்தும். மற்றதற்கோ அளவுக்கு மீறிய குளிர்ச்சி. ஆகவேதான் இரு தொடக்க இழைகளின் உருகு வெப்பநிலையும் 5 பாகைக்கு மேல் வேறுபடாதவாறு தொடக்கத்திலேயே எழுதிக்கொள்கின்றனர். இணையாக நடக்க வேண்டிய இருவர் ஒத்த நடையினராய் இருத்தல் நலமன்றோ?

இனி, இவ்வெப்பநிலை மிகக் குறைந்தால் விளைவதைக் காண்போம். சளியில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. மட்டுமா இருக்கிறது? நோயாளியின் உயிரணுக்களின் டி.என்.ஏ.யும், வாயில் இயல்பாக வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யும் கலந்தே இருக்கும். குளிர்ச்சி மிகுந்தால் தொடக்க இழை தன் இடத்தைப் போலச் சற்றே தோன்றும் இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். இருபதில் பதினாறு எழுத்துகள் பொருந்தினாலும் போதுமென்று அமர்ந்துவிடும். தொடக்க இழைகள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வீண்படிகள் உண்டாவதும் உண்டு. வேண்டாதவை பெருகும்.

மிக உயர்ந்தால்? இருபது எழுத்தும் பொருந்தும் சொந்த இடத்தில்கூட இழை தங்காது. படி உண்டாகாது. கிருமி இருந்தும் காணப்படாமற் போகும்.

கரைசலிலுள்ள மக்னீசியமும் இதில் பங்குகொள்கிறது. அதன் அளவு கூடினால் இழைகளின் பிடிப்பு உறுதிப்படும். தவறான இணைப்புகளும் நிலைத்துவிடும். வாலஸ் விதி இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்றியும் அது 20 எழுத்துகள் வரையுள்ள குறுகிய இழைகளுக்கே ஏற்றது. ஆகவே 55 என்பது முடிவன்று, தொடக்கமே.

மூன்றாம் வெப்பநிலை: நீட்டல்

தொடக்க இழை அமர்ந்தபின், நொதி அதன் முனையிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நீட்டுகிறது. இதற்குரிய வெப்பநிலை 72 பாகை. இந்த எண் எங்கிருந்து வந்தது? இதற்கு ஓர் அழகிய வரலாறு உண்டு.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் பல உள்ளன. கையை வைத்தால் வெந்துபோகும் அந்நீரில் உயிர் வாழக்கூடுமா? 1966இல் தாமஸ் பிராக் என்னும் பேராசிரியரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்னும் மாணவரும் அங்கிருந்து ஒரு நுண்ணுயிரை எடுத்து வளர்த்தனர். ஏறத்தாழ 70 பாகையில் அது செழித்து வளர்ந்தது. 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' எனப் பெயரிட்டு 1969இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். 1976இல் ஆலிஸ் சியென் என்னும் பெண்மணி, டேவிட் எட்கர், ஜான் டிரெலா ஆகியோருடன் சேர்ந்து, அந்நுண்ணுயிரின் பாலிமரேஸ் நொதியைப் பிரித்தெடுத்தார். அதுவே டாக் நொதி. அந்நாளில் சங்கிலி வினை என்னும் எண்ணமே பிறக்கவில்லை!

முல்லிஸும் அவர்தம் தோழர்களும் முதலில் பயன்படுத்திய நொதி, மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை நுண்ணுயிரினுடையது. அது 37 பாகையில் வேலை செய்வது; 95 பாகையில், கொதிபாலில் ஊற்றிய மோரின் கதிதான். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நொதி ஊற்ற வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றின் நொதி கைக்கு வந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. டாக் நொதியைக் கொண்டு செய்த சங்கிலி வினை 1988இல் விரிவாக வெளியிடப்பட்டது.

இந்நொதி 75 முதல் 80 பாகை வரையில் மிக விரைவாகச் செயற்படும். அதற்குச் சற்றுக் கீழே 72 பாகையை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இப்போதுதான் அமர்ந்த தொடக்க இழை, அதிக வெப்பத்தில் பிடி தளர்ந்து விலகிவிடக் கூடாது. 55 பாகையிலிருந்து 72 பாகைக்கு ஏறும் வழியிலேயே நொதி சில எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. இழை நீள நீளப் பிடிப்பும் உறுதிப்படுகிறது. ஆகவே 60 பாகை உருகு வெப்பநிலை உடைய இழை 72 பாகையிலும் நிலைத்து நிற்கிறது.

நொதியின் வேகமும் வெப்பத்தோடு மாறும். 70 பாகையில் நொடிக்கு 60 எழுத்துகளுக்கு மேல் சேர்க்கும். 55 பாகையில் ஏறத்தாழ 24. 37 பாகையில் ஒன்றரை. 22 பாகையில் நான்கு நொடிக்கு ஓர் எழுத்து. நடைமுறையில் 1000 எழுத்துகளுக்கு ஒரு நிமிடம் எனக் கணக்கிடுகின்றனர். எல்லாச் சுற்றுகளும் முடிந்தபின் 72 பாகையில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, அரைகுறையான இழைகளை நிறைவு செய்கின்றனர்.

அறை வெப்பத்திலும் நொதி முற்றிலும் உறங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். குழாயை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், தவறான இடத்தில் ஒட்டிய இழைகளை அது மெல்ல நீட்டத் தொடங்கிவிடும். ஆகவே குழாய்களைப் பனிக்கட்டியில் வைக்கின்றனர். வெப்பம் ஏறிய பின்னரே விழித்தெழும் நொதிகளும் இன்று கிடைக்கின்றன.

சோதித்துத் தெளிதல்

கணக்குச் சொன்ன 55 பாகையை அப்படியே நம்பிவிடாமல், ஒரே கலவையைப் பல குழாய்களில் ஊற்றி 51, 53, 55, 57, 59, 61 என வெவ்வேறு பாகைகளில் வைத்துப் பார்க்கின்றனர். பின்னர் விளைபொருளை அகரோஸ் கூழில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், நீளத்திற்கேற்பப் படிகள் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். வேண்டிய நீளத்தில் ஒரே பட்டை தெளிவாகத் தெரியும் மிக உயர்ந்த வெப்பநிலையே பெரும்பாலும் சிறந்தது. பட்டைகள் பல தோன்றினால் வெப்பத்தை இரண்டு பாகை உயர்த்துக. ஒன்றும் தோன்றாவிடில் இரண்டு பாகை தாழ்த்துக.

இன்னுமொரு வழியும் உண்டு. முதற்சுற்றில் இணைப்பு வெப்பநிலையை வேண்டுமென்றே உயர்த்தி வைத்து, சுற்றுக்கு ஒரு பாகை வீதம் குறைத்து வருவது அவ்வழி. முதலில் சரியான இடத்தில் மட்டுமே இழை அமரும். வெப்பம் தாழ்ந்து தவறான இடங்கள் திறக்கும்போது, சரியான படிகள் பெரும்பான்மையாகிவிட்டிருக்கும்.

எந்தச் சோதனையிலும் இரண்டு சாட்சிக் குழாய்கள் இருத்தல் வேண்டும். ஒன்றில் கிருமியின் டி.என்.ஏ. உறுதியாக இருக்கும், மற்றொன்றில் வெறும் தூய நீர். முதலாவதில் பட்டை தோன்றாவிட்டால், "கிருமி இல்லை" என்று யாருக்கும் சொல்ல இயலாது. இரண்டாவதில் தோன்றிவிட்டால், "கிருமி உண்டு" என்றும் சொல்ல இயலாது.

பாகைக்குப் பின்னால் ஒரு மனிதர்

ஐந்து பாகை கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்று எண்ணுதல் எளிது. ஆனால் விடைத்தாளில் எழுதப்படுவது ஒரு மனிதரின் பெயர். வெப்பநிலை தாழ்ந்து தவறான படிகள் பெருகி, நோயில்லாத ஒரு தாய்க்குக் காசநோய் என்று சொல்லிவிட்டால், அவர் மாதக்கணக்கில் வேண்டாத மருந்துகளை உண்பார். அண்டை அயலார் விலகுவர். தம் குழந்தையை அணைக்கவும் அஞ்சுவார். வெப்பநிலை உயர்ந்து கிருமி காணப்படாமற் போனால், நோயுள்ள ஒருவர் நலமென்று நம்பி வீடு திரும்புவார். அவர் இருமலில் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றும். இதனாலேயே மருத்துவமனைகளுக்குச் செல்லும் பரிசோதனைகளின் வெப்பநிலைகளை முன்கூட்டிப் பலமுறை சோதித்து, கருவியில் பதித்து அனுப்புகின்றனர். பரிசோதனை செய்பவர் அவற்றைத் தம் விருப்பம்போல் மாற்றலாகாது.

மாணவியரே, உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களில் வெள்ளை அங்கி அணிந்து நிற்பீர்கள். ஏனையோர் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கும் அன்னையராய், செவிலியராய் இருப்பீர்கள். பிரிக்கும்போது போதிய வெம்மை, இணைக்கும்போது அளவான கண்டிப்பு, வளர்க்கும்போது அவசரமின்மை என்னும் மூன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். கணக்குப் போடுங்கள், ஆனால் கணக்கோடு நின்றுவிடாமல் சோதித்துத் தெளியுங்கள்.

கொதிக்கும் ஊற்றிலும் ஓர் உயிரை வாழவைத்தார் படைத்தவர். அச்சிறு உயிரிடத்தில் இருந்த நன்மை, பொறுமையோடு தேடியோர்க்குக் கிட்டிற்று. இன்று அது நோயாளிகளுக்கு உதவுகிறது. கற்கும் அறிவைப் பிறர் துயர் நீக்கப் பயன்படுத்தும் மனத்தை இறைவன் நமக்கும் அருள்வாராக.

வீட்டுப் பயிற்சி ஒன்று: 18 எழுத்துகள் கொண்ட ஒரு தொடக்க இழையில் ஏ, டி எட்டும், ஜி, சி பத்தும் உள்ளன. இதன் உருகு வெப்பநிலை என்ன? இணைக்கும் சோதனையை எந்தப் பாகையில் தொடங்கலாம்? 56, 51 என விடை வந்தால் பாடம் விளங்கிற்று என மகிழலாம்.